டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச்: காசு வாட்ஸில் இல்லை, பாஸில் இருக்கிறது

ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர் ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 'எத்தனை வாட்ஸ்?' என்றுதான். டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச்சைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. 2022 கடைசியில் வந்த இந்த மாடலில் 9 ஆம்ப்கள் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்கள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் 8 ஓமில் 105 வாட்ஸ் என்று அட்டைப்பெட்டி சொல்கிறது. அந்த 105 வாட்ஸ் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. ஒன்பதும் ஒரே நேரத்தில் முழங்கினால் ஒரே பவர் சப்ளையை ஒன்பது பேர் பங்கு போட வேண்டும், அவ்வளவு கிடைக்காது. இந்த விலையில் வரும் எல்லா ரிசீவருக்கும் இதே கதைதான். இந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு வேறு இடத்தில் திரும்பி வருகிறது: நான்கு சப்வூஃபர்களை (பாஸ் எனும் தாழ்ந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்கள், சுருக்கமாக சப்) தனித்தனியாகக் கையாளும் திறன், ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி32 என்ற அறை ஒலித் திருத்தம், 11 சேனல் வரை பிரித்துக் கொடுக்கும் புராசஸிங். இவற்றைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் இதை வாங்க வேண்டியதில்லை.

வாட்ஸ் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல் என்றால், 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம். 100 வாட்ஸ் கொடுத்தால் 20 டெசிபல் கூடி 105. சோபா 3 மீட்டர் தள்ளி இருந்தால் அதில் 9 டெசிபலுக்கு மேல் கழிந்துவிடும். அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். ஆம்பை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 85க்குப் பதில் 88 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினாலே அதே 3 டெசிபல் வந்துவிடுகிறது. ஆகவே 105 வாட்ஸா 125 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தை ஸ்பீக்கர் தேர்வில் செலவிடுங்கள். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால், ஆம்பை அதிகம் உறிஞ்சும் வேலை ரிசீவரின் தோளிலிருந்து இறங்கிவிடும். சப்புக்குத்தான் சொந்த ஆம்ப் இருக்கிறதே.

யாருக்கு இது வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். கான்கிரீட் தளம் 10 அடி உயரம், உட்கார்ந்தால் காது 3¼ அடி; இடைவெளி ஏறக்குறைய 6¾ அடி. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸுக்கு மேலே நான்கு ஸ்பீக்கர் மாட்டுவதென்றால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு, காதிலிருந்து சுமார் 45 டிகிரி கோணத்தில். அதாவது தலைக்குப் பின்னால் 6¾ அடி காலி இடம் வேண்டும். கோணத்தை 55 டிகிரி வரை நெருக்கினாலும் 4¾ அடிக்குக் குறையாது. சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் அந்தப் பின் ஜோடிக்கு இடமே இல்லை. அந்த அறைக்குச் சரியானது 5.1.2தான்: சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப், மேலே இரண்டு ஸ்பீக்கர், தலைக்கு ஓரடி முன்னால். அதற்கு 7 ஆம்ப் போதும். டெனானிலேயே 7 ஆம்ப், 95 வாட்ஸ் உள்ள எக்ஸ்2800எச் அந்த வேலையைச் செய்துவிடும். அதில் ஆடிஸி ஒரு படி கீழே (எக்ஸ்டி32 அல்ல, வெறும் எக்ஸ்டி), இரண்டு சப் போட்டாலும் இரண்டுக்கும் ஒரே சிக்னல்தான். ஒரே சப் வைத்து 5.1.2 கேட்கிற வீட்டில் இந்த வித்தியாசத்துக்காக அவ்வளவு காசு கூடக் கொடுப்பது நியாயமில்லை. மிச்சத்தில் நல்ல சென்டர் ஸ்பீக்கர் வாங்கலாம்.

இரண்டு சப் போட இடமும் மனமும் இருக்கிறதா? அப்போது எக்ஸ்3800எச் வேறு பிறவி. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை: நம் அறைகள் பாஸை வெளியே விடுவதில்லை. மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய சுவர் கொஞ்சம் பாஸை விழுங்கும், நம்முடையது அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் ஒரு நாற்காலியில் இடி இடிக்கும், பக்கத்து நாற்காலியில் ஒன்றுமே கேட்காது. இரண்டாவது சப்பை எதிர்ச்சுவரின் நடுவில் வைத்தால் இந்த மேடு பள்ளங்களில் பாதி அடங்கும். இந்த ரிசீவர் ஒவ்வொரு சப்பின் தூரத்தையும் அளவையும் தனியாக அளந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகத் திருத்துகிறது. வைத்திருப்பவர்களில் மனநிறைவோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி இரண்டு சப் வைத்தவர்களாகவே இருக்கிறார்கள். மெனுவில் சப் அமைப்புக்கு 'ஸ்டாண்டர்ட்', 'டைரக்ஷனல்' என இரண்டு வழி உண்டு. டைரக்ஷனலில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பாஸும் அதன் அருகிலுள்ள சப்புக்குப் போகும். கேட்க நன்றாக இருக்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பல இடங்களிலிருந்து ஒரே பாஸ் வருவதுதான் மேடு பள்ளத்தைச் சமன் செய்கிறது. சாதாரண அறைக்கு ஸ்டாண்டர்ட்.

இனி ஆடிஸி அளவீடு. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலி எழுப்பி, மைக்கில் கேட்டு, அறைக்கேற்ப ரிசீவர் திருத்திக்கொள்வது இது. இந்த ரிசீவரைப் பற்றி 'சத்தம் சப்பென்று இருக்கிறது', 'பாஸே இல்லை', 'டயலாக் கேட்கவில்லை' என்று வரும் குறைகளில் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. அவசரமாகச் செய்தால் கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை. ஓடும் ஃபேனின் காற்றொலி மைக்கில் விழுந்தால் தாழ்ந்த அதிர்வெண் அளவுகள் பிசகும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் அதையும் அரைமணி நேரம் நிறுத்தலாம். சப்பின் பின்னால் உள்ள வால்யூமைப் பாதியில் வையுங்கள், க்ராஸ்ஓவர் (பாஸைப் பிரிக்கும் அதிர்வெண்) குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுங்கள் அல்லது எல்எஃப்இ என்று இருந்தால் அதில் வையுங்கள், ஃபேஸ் 0. ரிசீவரோடு வந்த மைக்கை மட்டும் பயன்படுத்துங்கள். பெட்டியில் வரும் அட்டை கோபுரத்தைச் சோபா மீது வைத்தால் மெத்தையில் சாய்ந்தபடி நிற்கும். கேமரா டிரைபாட் கிடைத்தால் அதில் மாட்டி, மைக்கின் முனை கூரையைப் பார்க்க, காது உயரத்தில் நிறுத்துங்கள். சோபாவின் சாய்மானம் உயரமாக இருந்தால் அதன் மேல் ஒரு தடித்த போர்வையைப் போட்டு, மைக்கை அதிலிருந்து ஒரு சாண் முன்னே தள்ளி வையுங்கள். தோலோ ரெக்சினோ போர்த்திய சோபாவிலிருந்து எதிரொலித்து வருவதையும் மைக் ஸ்பீக்கர் சத்தம் என்றே எடுத்துக்கொள்ளும்.

முதல் இடம் மிக முக்கியம். ஸ்பீக்கர் தூரம், அளவு இரண்டும் அந்த ஓர் இடத்திலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. நடு இருக்கையில், தலை இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மொத்தம் 8 இடம் வரை அளக்கலாம். எட்டையும் அறை முழுக்கப் பரப்ப வேண்டியதில்லை. முதல் இடத்தைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டடிக்குள் வைத்தால் திருத்தம் தெளிவாக இருக்கும். சுவரோரத்தில் அளக்காதீர்கள்.

ஸ்பீக்கர் 'ஃபேஸ்' தவறு என்று திரையில் வந்தால் பதற வேண்டாம். வயரின் பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் சரியா என்று போய்ப் பாருங்கள். சரியாக இருந்தால் தாண்டிச் செல்லுங்கள். சில ஸ்பீக்கர்களின் உள்ளமைப்பு, பக்கச் சுவரின் எதிரொலி ஆகியவற்றாலும் இந்தச் செய்தி வரும்.

அளந்து முடிந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். சப்பின் ட்ரிம் (ஆடிஸி வைத்த சத்த அளவு) -12 என்று காட்டினால் அது கணக்கு அல்ல, எல்லை. ரிசீவரால் அதற்கு மேல் குறைக்க முடியவில்லை என்று பொருள். சப்பின் குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அடுத்து, சப் 3 மீட்டரில் இருக்க, திரையில் 4½ மீட்டர் என்று வந்திருக்கும். டேப் வைத்து அளந்து அதைத் 'திருத்துவது' வழக்கமான தவறு. சப்பின் உள்ளே இருக்கும் ஃபில்டர் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் தூரமாகச் சொல்கிறது. அப்படியே விட்டுவிடுங்கள். மூன்றாவது, முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சுவரருகே பாஸ் கூடுவதால் சின்ன ஸ்பீக்கரும் மைக்குக்குப் பெரிதாகத் தெரியும். ஆடிஸி 90 அல்லது 100 என்று வைத்திருந்தால் மேலே ஏற்றலாம், கீழே இறக்காதீர்கள். அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கருக்குத் திருத்தமே செய்யப்படவில்லை.

டைனமிக் இக்யூ என்ற வசதிக்குத்தான் அதிகம் பாராட்டும் அதிகம் திட்டும். குறைந்த சத்தத்தில் காது பாஸைக் குறைவாகக் கேட்கும். அதை ஈடுகட்ட இது பாஸை ஏற்றுகிறது. கூடவே பின் ஸ்பீக்கர்களையும் ஏற்றிவிடும். சரவுண்ட் ஸ்பீக்கர் காதருகே இருக்கும் சின்ன அறையில் மழைச் சத்தம் காட்சியைத் தாண்டி நிற்கும். 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்பதை ஓடிடி படங்களுக்கு 5 அல்லது 10, டிவி நிகழ்ச்சிக்கும் பாட்டுக்கும் 15 என்று மாற்றிப் பாருங்கள், அடங்கிவிடும். டைனமிக் வால்யூம் என்று அடுத்த வரியில் இருப்பது வேறு. அது உரத்ததைத் தாழ்த்தி மெல்லியதை உயர்த்திப் படத்தின் உயிரையே எடுத்துவிடும். குழந்தை தூங்கும் இரவுக்கு மட்டும் அது. டயலாக் தெளிவில்லை என்றால் சென்டரை 2 டெசிபல் ஏற்றுங்கள். அதற்கும் முன்னால், சென்டர் ஸ்பீக்கர் டிவி யூனிட்டின் தட்டுக்குள் ஒளிந்திருந்தால் விளிம்பு வரை முன்னே இழுத்து, முகத்தைக் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்துங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும்.

ஆடிஸி 2 கிலோஹெர்ட்ஸ் அருகே வேண்டுமென்றே ஒரு பள்ளம் விடுகிறது. குரலில் பளிச்சென்ற தன்மை போய்விட்டது என்று தோன்றினால் காரணம் அதுவாக இருக்கலாம். ரிசீவர் மெனுவில் அதை எடுக்க முடியாது. 20 டாலர் கட்டணமுள்ள மல்ட்இக்யூ எடிட்டர் செயலி வேண்டும். அதிலேயே திருத்தத்தை 500 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிடலாம். அறை கெடுப்பது பெரும்பாலும் அதற்குக் கீழேதான். மேலே ஸ்பீக்கரின் சொந்தக் குணத்தை அப்படியே விடுவது பலருக்குப் பிடிக்கிறது, என் முடிவும் அதுவே. ஒரு நிபந்தனை: ரிசீவரில் அளந்ததைச் செயலி எடுத்துக்கொள்ளாது. செயலி வழியாகவே முதலிலிருந்து எட்டு இடமும் அளக்க வேண்டும். ஆகவே வாங்கிய அன்றே செயலியை முடிவு செய்துவிட்டால் ஒரு சுற்று வியர்வை மிச்சம். கணினியில் ஓடும் மல்ட்இக்யூ-எக்ஸ் 200 டாலர், அதுவும் அந்த ஒரு ரிசீவருக்கு மட்டும். வரைபடம் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

ஆடிஸிக்கு மாற்றான அறைத் திருத்த மென்பொருள் டிராக் லைவ் இந்த ரிசீவருக்கு 2023 மார்ச்சில் வந்தது, அன்றைய விலை: 500 ஹெர்ட்ஸ் வரை 259 டாலர், முழு அளவுக்கு 349 டாலர், நல்ல யுஎஸ்பி மைக் தனிச் செலவு. பல சப்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பாஸ் கன்ட்ரோலுக்கு இன்னொரு உரிமம். டிராக் ஓடும்போது டைனமிக் இக்யூ கிடைக்காது. தாழ்ந்த சத்தத்தில் படம் பார்க்கும் அடுக்குமாடி வீட்டில் இந்த இழப்பு பெரிது. எக்ஸ்டி32ஐ ஒழுங்காக அளந்து ஆறு மாதம் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

எல்லாம் திருப்தியானதும் யுஎஸ்பி குச்சியைச் செருகி 'சேவ் அண்ட் லோட்' மெனுவில் அமைப்புகளைச் சேமித்து வையுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்ய நேர்ந்தால் அந்த ஒரு ஃபைல் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும்.

படப் பக்கம் சிக்கல் குறைவு. 6 எச்டிஎம்ஐ இன்புட், ஆறும் 8கே படத்துக்கான 40 ஜிபிபிஎஸ். இதற்கு முந்தைய 2020 வரிசையில் எக்ஸ்3700எச் உள்ளிட்ட மாடல்களில் 8கே இன்புட் ஒன்றே ஒன்று. அதிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ் அனுப்பினால் திரை கறுத்துவிடும் கோளாறு இருந்தது, 2021இல் அதற்கு ஓர் அடாப்டரை இலவசமாகக் கொடுத்தார்கள். செகண்ட் ஹேண்டில் 3700 பார்ப்பவர்கள் கேம் விளையாடும் வீடென்றால் இந்த அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். 3800இல் கேம் கன்சோல் 120 ஹெர்ட்ஸ் காட்டவில்லை என்றால், வீடியோ மெனுவில் '4கே/8கே சிக்னல் ஃபார்மட்' என்பதை '8கே என்ஹான்ஸ்டு' ஆக்குங்கள், டிவியிலும் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு உரிய உயர்தர சிக்னல் அமைப்பைத் திறந்துவிடுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் வராது.

டிவியில் ஈஆர்க் (டிவி ஒலியை எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சியின் புது வடிவம்) இல்லையே, வெறும் ஏஆர்சிதானே என்ற கவலை ஓடிடி பார்க்கிறவர்களுக்கு அவசியமில்லை. ஓடிடியின் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகிறது, அது ஏஆர்சியிலேயே போய்விடும். புளூ-ரே டிஸ்க்கின் ட்ரூஎச்டி ஒலி வடிவத்துக்குத்தான் ஈஆர்க் வேண்டும். பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் அதுவும் தேவையில்லை. கேபிளை 'மானிட்டர் 1' துளையில் செருகுங்கள். டிவியின் டிஜிட்டல் ஆடியோ அமைப்பு பிசிஎம்மில் இருந்தால் பெரும்பாலும் இரண்டு சேனல்தான் வரும். அதை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ ஆக்கி, ரிசீவர் முகப்பில் 'டால்பி அட்மாஸ்' என்ற எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

பழைய ஸ்டீரியோ பாட்டுக்கு 'ப்யூர் டைரக்ட்' என்ற பெயர் ஆசை காட்டும். அதை அழுத்தினால் ஆடிஸி விலகிவிடும், அறையின் குறை அத்தனையும் திரும்பி வரும். 'ஸ்டீரியோ' மோடில் கேளுங்கள். டெனானின் ஹியோஸ் செயலி வழியாக இணையப் பாட்டும் வரும். வைஃபையைவிட லேன் கேபிளில் நிலையாக ஓடுகிறது.

இடம், சூடு. பெட்டியின் ஆழம் சுமார் 39 செ.மீ. பின்னால் எச்டிஎம்ஐ கேபிள் வளைய இன்னும் 7, 8 செ.மீ. வேண்டும். மாடுலர் டிவி யூனிட்களில் 40 செ.மீ. ஆழம்தான் செய்கிறார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே 50 என்று சொல்லிவிடுங்கள், பின்பலகையை அறுத்துத் திறந்துவிடச் சொல்லுங்கள். மேலே 15 செ.மீ. இடைவெளி, கண்ணாடிக் கதவு கூடாது, செட்-டாப் பாக்ஸை அதன் தலையில் அடுக்கக் கூடாது. முகப்பு விளக்கு சிவப்பாக 2 வினாடிக்கு ஒரு தடவை சிமிட்டினால் சூடு அதிகம்: அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அரை வினாடிக்கு ஒரு தடவை வேகமாகச் சிமிட்டினால் ஸ்பீக்கர் வயர் எங்கோ உரசுகிறது, அல்லது ஆம்ப் பழுது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் எல்லா வயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போது சிமிட்டவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாட்டிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். வயரெல்லாம் கழற்றியும் சிமிட்டினால் சர்வீஸ்தான். பெரும்பாலும் முறுக்காமல் விட்ட ஒற்றைச் செம்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

வயரில் ஏமாறாதீர்கள். ஸ்பீக்கர் வயர் என்று விற்பதில் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் நிறைய. ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் மல்டி-ஸ்ட்ராண்ட் செம்பு வயரே தாராளம்: 10 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 2.5. சுவருக்குள் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுக்க எலெக்ட்ரீஷியன் சொல்வார், சம்மதிக்காதீர்கள், தனிப் பைப் வேண்டும்.

சப்பில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் செட்-டாப் பாக்ஸின் பின்னால் உள்ள கேபிள் டிவி அல்லது டிடிஎச் கோஆக்ஸியல் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் லூப். கேபிள் டிவி வயர் என்றால் அதில் ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் போட்டால் தீரும். டிடிஎச் வயரில் அதைப் போடாதீர்கள், டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். சப், ரிசீவர், டிவி மூன்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுங்கள். எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்தும் வைத்தியம் உயிருக்கே ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அதன் லைனில் ரிசீவரை வைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் முனகும், சூடேறும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி நெருங்கும் முன்பே பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மின்னல் பாய்ச்சல் மொட்டை மாடி டிஷ்ஷின் கோஆக்ஸியலிலும், ஃபைபர் ரவுட்டரின் லேன் கேபிளிலும் இறங்கி, செட்-டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐக்குள் நுழைகிறது. அதில் போவது ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டு: ஆம்ப் நன்றாக இருக்கும், படம் வராது, சர்வீஸில் முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்பார்கள். பவர், டிஷ் கோஆக்ஸியல், லேன் மூன்றையும் கழற்றிவிடுங்கள். மழை விட்டு கரண்ட் வந்த பிறகும் பத்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.